கோட்டுப் போட்ட பறவை

நவம்பர் 3, ஞாயிறு

இன்று இவர் பேசியவை: "இந்தா", "வேண்டாம்", "கெரகம்". மூன்றாவது மட்டும் மணி அடித்தாற்போல் வந்தது. வேட்டி கதவு ஆணியில் மாட்டிக் கிழிந்தபோது சொன்னது.

இதையெல்லாம் குறித்துவைக்கச் சொன்னவள் தஸ்னீம். இவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரத்தில் இரண்டு நாள் கோயம்புத்தூரிலிருந்து பஸ் ஏறி பொள்ளாச்சிக்கு வருகிறாள். "சார் என்ன பேசுனாருன்னு தெனம் எழுதி வைங்கம்மா, அப்பத்தான் முன்னேற்றம் தெரியும்" என்றாள். இவர் பேசுவதை மட்டும் எழுதினால் ஒரு நாளைக்கு அரை வரிகூடத் தேறாது. மீதி இடம் வீணாவானேன் என்று என் பாட்டையும் எழுதிக்கொள்கிறேன்.

ஆகஸ்டில் இவருக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கை கால் சீக்கிரமே சரியாகிவிட்டது. பேச்சுதான் திரும்பவில்லை. அதிலும் பெயர்கள்தான் அதிகம் போய்விட்டன. துண்டு, செருப்பு, ஊர்ப் பெயர், ஆள் பெயர் எதுவும் தேடும்போது வாய்க்கு வருவதில்லை. பொருள் என்னவென்று நன்றாகவே தெரிகிறது. "அறிவுக்கு ஒண்ணும் ஆகலைம்மா, பேருதான் சிக்கிக்குது" என்கிறாள் தஸ்னீம்.

இந்த வியாதி வந்தது யாருக்கு என்று பார்க்க வேண்டும். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக வால்பாறைக்கும் உடுமலைக்கும் அலைந்த காலத்தில், பையில் மாத்திரை மாதிரிகளைவிடப் பொது அறிவுப் புத்தகங்களை அதிகம் சுமந்த மனுஷன். எங்கள் காலனியில் பொங்கல் வாரத்தில் வினாடி வினா நடக்கும். அதை ஆரம்பித்து வைத்தவரும் வருஷா வருஷம் மைக்கைப் பிடித்தவரும் எங்கள் வீட்டுத் தெய்வசிகாமணிதான். வீட்டிலும் அதே வேலை. ஜன்னலில் குருவி உட்கார்ந்திருக்கிறது என்று நான் சொன்னால், "குருவி இல்ல, தேன்சிட்டு" என்பார். விருந்தாளி இருக்கிறார்களே என்றெல்லாம் பார்க்கமாட்டார். அந்தத் தொல்லை இப்போது இல்லை. வீடு அமைதியாக இருக்கிறது. நல்லதுதான்.

நவம்பர் 5, செவ்வாய்

தஸ்னீம் இவரிடம் படம் காட்டிப் பெயர் கேட்டாள். பத்தில் இரண்டு வந்தது. கிளம்பும்போது என்னிடம், "உங்க பேரைச் சொல்றாராம்மா?" என்று கேட்டாள். அடுப்பில் பால் இருந்தது, பார்க்கப் போய்விட்டேன்.

நவம்பர் 9, சனி

காலனிச் சங்கச் செயலாளர் நாச்சிமுத்து வந்தார். கடைவீதியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார், தங்கமான மனிதர், குரல்தான் சுத்தியல். கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் இவர் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். யார் வந்தாலும் இப்போது இதே கதைதான்.

"அண்ணன் தூங்கறாருங்களா?"

"குளிக்கறாருங்க."

சாயங்காலம் ஐந்து மணிக்கு யார் குளிப்பார்கள் என்று அவர் கேட்கவில்லை. காபியைக் குடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார். "பொங்கல் வருதுங்கக்கா. இந்தத் தடவ வினாடி வினாவக் கோயமுத்தூர்ல ஒரு பார்ட்டிகிட்ட உட்டர்லாம்னு கமிட்டில பேச்சு. ஸ்கிரீன், லைட்டு எல்லாம் அவிங்களே கொண்டாருவாங்க. அண்ணனுக்கு முன்வரிசைல சேர் போட்டு, பொன்னாடை ஒண்ணு போத்தி..."

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"அதெல்லாம் வேண்டாமுங்க. எப்பவும் போல நாங்களே நடத்திக்கறோம்" என்றேன்.

"நாங்கன்னா?"

"நானுந்தான்."

நாச்சிமுத்து டம்ளரைக் கீழே வைத்தார்.

நவம்பர் 10, ஞாயிறு

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. பொன்னாடையின் நிறம் எனக்குப் பிடித்திருக்காது, அவ்வளவுதான் காரணமாக இருக்கும்.

நவம்பர் 16, சனி

எனக்குப் பொது அறிவு கிடையாது. ஒவ்வொரு வருஷமும் கடைசி வரிசையில் உட்கார்ந்து டீ விநியோகத்தைப் பார்த்துக்கொண்டவள் நான். ஆனால் மைக் பயமில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தபோது முகம் தெரியாதவர்களோடு நாளெல்லாம் பேசியிருக்கிறேன்.

இவருடைய பழைய கேள்விகள் அலமாரி நிறைய இருக்கின்றன. ஆனால் அதையெல்லாம் காலனிக் குழந்தைகள் மனப்பாடம் செய்துவிட்டார்கள். அதனால் போனில் தேடிப் புதிதாக எழுத ஆரம்பித்தேன். எழுதியதை இவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

"தமிழ்நாட்டோட மாநிலப் பட்டாம்பூச்சி எது?"

இவருக்குத் தெரியும். முகத்திலேயே தெரிந்தது. உதடு கூடிக் கூடிப் பிரிந்தது. கை சிறகு மாதிரி அசைந்தது. பிறகு எழுந்து வெளியே போய்ச் செம்பருத்திச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். காலையில்தான் ஊற்றியிருந்தார்.

தமிழ் மறவன். அது எனக்குப் போனைப் பார்க்காமலே தெரிந்திருந்தது. எப்போது மண்டையில் ஒட்டிக்கொண்டதோ. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்பதும் தெரிந்திருக்கிறது. தக்காளி காயா பழமா என்றால் அதற்கும் சொல்லுவேன் போலிருக்கிறது.

நவம்பர் 22, வெள்ளி

எதிர்வீட்டு ஜெயக்கொடி கறிவேப்பிலை கேட்டு வந்திருந்தாள். அவள் வந்தால் மட்டும் இவர் ஒளிவதில்லை. அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருப்பாள், யாரும் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இருக்காது.

இவர் மேஜை, படுக்கை, ஜன்னல்மேடு என்று எதையோ தேடினார்.

"ஏனுங்க, என்ன வேணும்?"

"அது..." கையை முகத்துக்கு முன்னால் ஆட்டினார். "அதத் தேடணும்னா... அதையே போட்டுக்கணும்."

நான் விழித்தேன். ஜெயக்கொடி கறிவேப்பிலையை மடியில் போட்டுக்கொண்டு யோசித்தாள். "கண்ணாடி! மூக்குக்கண்ணாடிங்கக்கா! அட, அண்ணன் விடுகதை போடறாரு!"

கண்ணாடி குளியலறை அலமாரியில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார். ஜெயக்கொடி போன பிறகு அதை ஒரு தாளில் எழுதிவைத்தேன்.

நவம்பர் 28, வியாழன்

இவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டால் எல்லாமே விடுகதைதான். பெயர் வராததால் சுற்றி வளைத்துச் சொல்கிறார். நான்தான் இத்தனை நாளும் அவசரப்பட்டு, "துண்டா? சோப்பா? சீப்பா?" என்று அடுக்கிக்கொண்டே போயிருக்கிறேன்.

இன்று பருப்பை வாயில் வைத்ததும் முகம் சுளித்தார். "இருந்தா... ஒருத்தரும் பேச மாட்டாங்க. இல்லாட்டி... எல்லாரும் பேசுவாங்க."

உப்பு! எனக்கே கண்டுபிடிக்க முடிந்தது. சந்தோஷத்தில் உப்பு ஜாடியை எடுத்துக்கொடுக்க மறந்தே போனேன்.

சாயங்காலம் பூட்டிய வாசலில் நின்று பையைத் துழாவியபோது, "பையில இருந்தா... வீடு என்னுது. தொலஞ்சா... நான் தெருவுக்கு" என்றார். சாவி.

காலனிக்கு இதைவிட நல்ல கேள்வி எந்தப் போனிலும் கிடைக்காது. ஒரு சுற்று முழுக்க விடுகதையாகவே வைத்துவிடலாம். இவரிடம் இன்னும் சொல்லவில்லை. ஆச்சரியமாக இருக்கட்டும்.

டிசம்பர் 4, புதன்

மஸ்கட்டிலிருந்து மகள் கயல்விழி வீடியோவில் கூப்பிட்டாள். "அப்பா இன்னிக்கு என்ன விடுகதை?" என்று கேட்டாள், ஜெயக்கொடி இவளுக்கும் சொல்லிவிட்டிருக்கிறாள் போல. இவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "காலைல... சத்தம் போடும். சூடா இருக்கும். ஆனா... அது இருந்தாத்தான் சோறு" என்றார்.

"குக்கர்!" என்றேன் நான். அதிலென்ன கஷ்டம்?

இவர் இல்லை என்று தலையை ஆட்டினார். கயல்விழி அங்கே விழுந்து விழுந்து சிரித்தாள். இவரும் சிரித்தார். என்னைக் கைகாட்டிச் சிரித்தார்.

இந்தக் கேள்வியைப் போட்டியில் சேர்ப்பதாக இல்லை.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். வாசலில் விளக்கு ஏற்றிவிட்டுப் பெண்களெல்லாம் எங்கள் படியில் உட்கார்ந்தோம். பேச்சு போட்டிப் பக்கம் திரும்பியது. மாதிரிக்கு ஒன்றிரண்டு கேட்கட்டுமே என்று தாளை எடுத்து வந்தேன். ஜெயக்கொடி அதைப் பிடுங்கி, இவர் சொல்வது மாதிரியே நிறுத்தி நிறுத்திப் படித்தாள். "அதத் தேடணும்னா... அதையே..." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல சிரிப்புத்தான் அது.

இவர் உள்ளேயிருந்து வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. ஜெயக்கொடியின் கையிலிருந்த தாளை எடுத்தார். "கெரகம்"கூடச் சொல்லவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஜெயக்கொடி, "ஐயோ அக்கா, நான் கேலிக்குச் சொல்லலீங்களே" என்றாள். எனக்கும் தெரியும். காற்றில் இரண்டு விளக்கு அணைந்தது, மறுபடி ஏற்றினேன்.

டிசம்பர் 14, சனி

இன்று இவர் பேசியவை: எதுவும் இல்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

எதுவும் இல்லை. பசித்தால் சமையலறை வாசலில் வந்து நிற்கிறார்.

டிசம்பர் 17, செவ்வாய்

தஸ்னீமிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்க்கவில்லை. என் மகளைவிடச் சின்னவள்.

"அவருகிட்டக் கேட்டீங்களாம்மா?"

"நல்லதுக்குத்தானே செஞ்சேன்?"

"நல்லதுதாம்மா. சூப்பர் ஐடியா. ஆனா அது அவரு வார்த்தை. இருக்கறதே கொஞ்சம். அதையும் அவரக் கேக்காம எடுத்தா எப்படி?"

இந்தத் தடவை பார்க்கப் போக அடுப்பில் பால்கூட இல்லை.

சாயங்காலம் சந்தகை பிழிந்தேன், தேங்காய்ப் பால் எடுத்தேன். இவருக்கு அது உயிர். தட்டை முன்னால் வைத்துவிட்டு, "கேக்காம எடுத்துட்டேன். தப்புத்தான். வேண்டாமுன்னா விட்டர்லாம். நாச்சிமுத்துகிட்டச் சொல்லி அந்தக் கோயமுத்தூர்க்காரங்களையே வரச் சொல்லிக்கலாம்" என்றேன்.

இவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். மறுபடி போட்டுக்கொண்டார். மூன்றாம் தடவையும் போட்டுக்கொண்டார்.

டிசம்பர் 19, வியாழன்

காலையில் காபிக் கோப்பையின் கீழ் அந்தத் தாள் இருந்தது. சிவப்புப் பேனாவால் ஒரே கோடும் சுழியுமாக இருந்தது. சாவிக்கு ஒரு டிக். உப்புக்கு இரண்டு டிக். மூக்குக்கண்ணாடியை அடித்திருந்தார்.

"இது ஏனுங்க? இதுதானே நல்லா இருக்குது?"

"லேசு" என்றார் அருவருப்போடு. "கொழந்தைக்கு."

அவமானப்பட்டதையெல்லாம் இவரால் தாங்கிக்கொள்ள முடிகிறது. மோசமான கேள்வித்தாளைத்தான் தாங்க முடியவில்லை. எனக்கும் அதற்குள் ரோஷம் வந்துவிட்டது. "அப்பக் கஷ்டமா ஒண்ணு சொல்லுங்க பாக்கலாம்" என்றேன்.

பகல் முழுக்க யோசித்தார். விளக்கு வைக்கும் நேரத்தில் வந்து சொன்னார்: "ஒருத்தர் ஆரம்பிப்பாங்க. சத்தமில்ல. அப்பறம்... எல்லாருக்கும்."

எனக்குத் தெரியவில்லை. ஜெயக்கொடிக்குத் தெரியவில்லை. அவள் கணவருக்கும் தெரியவில்லை. விடையைச் சொல்ல இவருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் வாயைப் பிளந்து செய்து காட்டினார். கொட்டாவி! உடனே நாங்கள் மூன்று பேரும் கொட்டாவி விட்டோம்.

டிசம்பர் 28, சனி

கேள்வி தயாரிப்பது இப்போது எங்கள் இரண்டு பேருக்கும் வேலை. நான் பொது அறிவு, இவர் விடுகதை. நான் படிக்கிற கேள்வி சுமாராக இருந்தால் மூக்கைச் சுருக்குகிறார். மூக்கு சுருங்கிய கேள்விகளையெல்லாம் கிழித்துப் போடுகிறேன். குப்பைத்தொட்டி நிறைந்துவிட்டது.

தஸ்னீம் படங்களைப் பைக்குள் வைத்துவிட்டு, எங்களோடு உட்கார்ந்து விடுகதை போடுகிறாள். இதுவும் பயிற்சிதானாம். பெயர் வராவிட்டால் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டும் என்று மாதக்கணக்கில் பழக்குவார்களாம், சார் தானாகவே கண்டுபிடித்துவிட்டார் என்கிறாள்.

"அப்ப போட்டிக்கு வர்றீங்கதானே?" என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"வேண்டாம்." இந்தச் சொல் மட்டும் சிக்குவதே இல்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பானை கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது, நல்லதாம். இவர் கரும்பைக் கடித்துச் சாப்பிட்டார்.

ஜனவரி 17, வெள்ளி

நாளை போட்டி. நான்கு தெரு, நான்கு அணி. நாச்சிமுத்து கடைப் பையன்களை விட்டு மைதானத்தில் பந்தல் போட்டுவிட்டார். எந்தச் சேலை என்று ஜெயக்கொடி கேட்டாள். எதையாவது சுற்றிக்கொள்வேன் என்றேன். மயில்கழுத்து நிறப் பட்டு பீரோவில் மேலாகவே இருந்தது, அதனால் அதையே எடுத்து வைத்தேன். கண்ணாடி முன்னால் ஒரு தடவை, "வணக்கம்" சொல்லிப் பார்த்தேன். தொண்டை சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

இவரை மறுபடி கேட்கவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

நேற்றே எழுதியிருக்க வேண்டும். பேனாவைப் பிடிக்கிற நிலையில் இல்லை.

இவர் வரவில்லை என்றுதான் நான் கிளம்பினேன். டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். மேடை ஏறினால் பந்தல் நிறையத் தலை. வாயைத் திறந்தேன். பழைய எக்ஸ்சேஞ்சுக் குரல் எங்கிருந்தோ வந்துவிட்டது. வாழைப்பழம் தாவரவியல்படி பெர்ரி வகை, ஸ்ட்ராபெர்ரி அப்படியில்லை என்றதும் ஒரே கூச்சல். இரண்டாம் தெருக்காரர்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. கொஞ்சம் அதட்டினேன்கூட.

அப்புறம் அந்தக் கேள்வி. "உலகத்திலேயே பெரிய பாலைவனம் எது?" நான்கு அணியும் சிலேட்டைத் தூக்கினார்கள். நான்கிலும் சஹாரா. என் அட்டையிலும் சஹாரா. "நாலு பேருக்கும் பத்துப் பத்து மார்க்!" என்றேன். கைதட்டல்.

"கெரகம்!"

கடைசி வரிசையிலிருந்து வந்தது. பந்தலே திரும்பிப் பார்த்தது. இவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஜெயக்கொடி ஒன்றும் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். நான் கிளம்பிய பின்னால் போய்க் கூட்டி வந்திருக்கிறாள். கழுத்தைச் சுற்றி மப்ளர், காலில் வீட்டுச் செருப்பு.

"இல்ல" என்றார். "தப்பு. மணல் இல்ல."

அதோடு நின்றுவிட்டது. உதடு கூடிக் கூடிப் பிரிந்தது. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இவரைப் பார்க்காதவர்கள்தான் பாதிப் பேர். யாரோ, "என்ன சொல்றாரு?" என்று கிசுகிசுத்தது மைக் வரை கேட்டது. ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். இவர் உள்ளங்கையை என் பக்கம் காட்டினார். நில் என்று.

"கீழ" என்றார். "உலகத்துக்கு... கீழ. வெள்ளை. மழையே இல்ல." மூச்சு வாங்கினார். பிறகு இரண்டு கையையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, பாதத்தைத் திருப்பி அப்படியும் இப்படியும் தத்தித் தத்தி இரண்டு எட்டு நடந்தார். "கோட்டுப் போட்ட பறவை!"

"பெங்குவின்!" என்று குழந்தைகளெல்லாம் கத்தின. "அண்டார்டிகா!" என்று மூன்றாம் தெரு அணி சிலேட்டைத் தூக்கிப் போட்டது. இவர் இரண்டு கையையும் அவர்கள் பக்கம் நீட்டி, "ஆங்!" என்றார்.

நாச்சிமுத்து போனைத் தட்டிப் பார்த்துவிட்டு மைக்கே இல்லாமல் அறிவித்தார். "ஆமாங்! பாலைவனம்னா மணல் இருக்கோணும்னு இல்லீங்களாமா. மழை தண்ணி இல்லாத எடந்தானாமா. அண்டார்டிகாதான் பெருசுங்! அண்ணன் சொன்னதுதான் கரெக்ட்டு!"

ஊர் முன்னால் என்னைத் திருத்திவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் கொஞ்ச நேரம் அட்டையில் இருந்த எழுத்தே தெரியவில்லை.

"நாலு பேரோட பத்து மார்க்கும் வாபஸ். மூணாம் தெருவுக்கு மட்டும் பத்து" என்றேன். பிறகு, "ஏனுங்க, அடுத்த சுத்து விடுகதை. எல்லாம் நீங்க போட்டது. வந்து நீங்களே சொல்றீங்களா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். இந்தத் தடவை கேட்டேன்.

இவர் மப்ளரைக் கழற்றி ஜெயக்கொடியிடம் கொடுத்தார். நடந்து வந்து மேடை ஏறினார்.

ஒவ்வொரு விடுகதைக்கும் நேரமானது. சில இடத்தில் சொல் வராமல் கையால் காட்டினார். அது கேள்வியிலேயே சேர்த்தியா, தடுமாற்றமா என்று யாருக்கும் புரியவில்லை, அதனால் விடுகதை இன்னும் கஷ்டமாகிவிட்டது. உப்பை முதலாம் தெரு கண்டுபிடித்தது. கொட்டாவியை யாரும் கண்டுபிடிக்கவில்லை. முதல் வரிசையில் ஒருவர் தாங்கமுடியாமல் கொட்டாவி விட, இவர் அவரை இரண்டு விரலால் சுட்டிக் காட்ட, பந்தல் அதிர்ந்தது. அப்புறம் தாளில் இல்லாததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை. நாச்சிமுத்து வந்து டீ ஆறுகிறது என்று சொல்லித்தான் இறக்க வேண்டியிருந்தது.

மூன்றாம் தெரு ஜெயித்தது. நாங்கள் இரண்டாம் தெரு.

ஜனவரி 20, திங்கள்

இவரே போய்ப் பால் வாங்கி வந்தார். போய் வர அரை மணி ஆனது. வழியெல்லாம் ஆட்கள் நிறுத்தி விடுகதை கேட்டார்களாம். பால் கவர் ஒன்றுக்குப் பதில் தயிர் கவர். பரவாயில்லை.

ஜனவரி 25, சனி

காலையில் கேட் சத்தம் கேட்டது. இவர் ஹாலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை, குளியலறைப் பக்கம் போகவும் இல்லை.

ஒரு பெண் நின்றிருந்தாள், முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர் மைனாவதி. கிணத்துக்கடவிலிருந்து வருகிறாளாம். அவளுக்குப் பின்னால் வாட்டசாட்டமான ஒரு மனிதர் எங்கள் செம்பருத்திச் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கேயாவது வேறு இடத்தில் இருந்தால் தேவலை என்கிற முகம்.

"எங்கப்பாருங்கம்மா. ஆறுச்சாமி. லாரி ஓட்டிக்கிட்டிருந்தாருங்க. போன வருசம் இப்படி ஆச்சுங்க, ஐயாவுக்கு ஆன மாதிரியே. வூட்டை விட்டு நகர மாட்டேங்கறாருங்க. எங்ககூட வாயே தொறக்கறதில்லீங்க." குரலைத் தாழ்த்தினாள். "இங்க போட்டியில ஐயா பேசுனதை ஒருத்தரு போன்ல காட்டுனாருங்க. எங்கப்பா அதத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கையக் காட்டுனாருங்க. அதான்... தப்பா எடுத்துக்காதீங்கம்மா."

"தப்பென்ன கண்ணு இதுல, உள்ள வா" என்றேன்.

ஆறுச்சாமி சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தார். இவர் எதிரே உட்கார்ந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வணக்கம் சொல்ல முயன்று இருவருக்குமே பாதியில் நின்றது. இவர் சிரித்துவிட்டார். ஆறுச்சாமி சிரிக்கவில்லை.

இவர் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். விரலை உயர்த்திக் காட்டி, "நீங்க" என்றார். "ஒண்ணு... போடுங்க."

மைனாவதி புடவை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு ஆறுச்சாமி தொண்டையைக் கனைத்தார். கரகரவென்று ஒரு குரல், ஓடாமல் கிடந்த வண்டி மாதிரி.

"முன்னால... இருக்கும்" என்றார். "பின்னால... காட்டும்."

மைனாவதியின் வாய் திறந்தது. கண்ணாடி என்று சொல்லிவிடப் போகிறாள் என்று தெரிந்து அவள் கையை அழுத்திப் பிடித்தேன். "சொல்லாத" என்று காதோடு சொன்னேன். "அவரு கண்டுபுடிக்கட்டும்."

இவர் நெற்றியைச் சுருக்கினார். கண் மின்னியது. கண்டுபிடித்துவிட்டார். வாயைத் திறந்தார், சொல் வரவில்லை. மறுபடி முயன்றார். வரவில்லை. ஆறுச்சாமி உதவி செய்யப் பார்த்தார், அவருக்கும் வரவில்லை. இருவருக்கும் விடை தெரியும், இருவராலும் சொல்ல முடியவில்லை. ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு இவர் வலது கையைத் தூக்கி, தலைக்கு மேல் ஓரமாக இருந்த எதையோ பிடித்து, லேசாகத் திருப்பி, கழுத்தைச் சாய்த்துப் பின்னால் பார்த்தார். இடது கையில் ஸ்டீயரிங். உதட்டால் ஒரு ஹார்னும் அடித்தார்.

"ஆமா!" என்றார் ஆறுச்சாமி. தொடையில் ஓங்கி ஒரு அடி. "ஆமா! ஆமா!" முகமெல்லாம் பல். மைனாவதி சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

நான் காபி போடப் போனேன். ஹாலில் சண்டைச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன்.

"பத்து" என்று இவர் மார்க் போட்டுக்கொண்டிருந்தார், தனக்கே.

"அஞ்சு" என்றார் ஆறுச்சாமி. "வாயில... சொல்லல."

"பத்து!"

"அஞ்சு!"

சர்க்கரை எத்தனை கரண்டி என்று கேட்கப் போனவள், கேட்காமலே திரும்பி வந்துவிட்டேன்.